கடற்பயணத்துக்கு மழைக்கோட்டும் கம்பளியும்

தாசேக் கெலுகோரிலிருந்து கப்பலேறப் போவது இன்று பெரிய காரியமில்லை. கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரியில் ஜார்ஜ்டவுன், இறங்கினால் சற்று தூரத்தில் ஸ்வெட்டன்ஹம் துறை. காலையில் வீட்டில் பசியாறியவர் மாலையில் உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கலாம். இந்த வசதியே பெட்டி கட்டும்போது நம்மை ஏமாற்றுகிறது. நம் ஊர் வெயிலிலிருந்து நம் ஊர் வெயிலுக்கே போகிறோம் என்ற நினைப்பில் பருத்திச் சட்டைகள், விருந்துக்கான பட்டுச் சேலை, நீச்சலுடை, மருந்துப் பை எல்லாம் உள்ளே போன பிறகு, மூலையில் இடம் மிஞ்சினால் ஒரு குடை போகிறது. மழைக்கோட்டையும் கம்பளிச் சட்டையையும் யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் அலாஸ்காவுக்கோ நார்வேக்கோ போகிறவர்களின் சாமான் என்று தள்ளிவிடுகிறார்கள். அவைதான் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியவை என்கிறேன், போகிற இடம் புக்கெட்டாக இருந்தாலும் சரி. வெப்பமானி காட்டும் எண்ணைப் பார்த்துப் பெட்டி கட்டக் கூடாது. உடம்பு நனையுமா, நனைந்த உடம்பின்மேல் காற்று அடிக்குமா, மாற்று உடை கைக்கெட்டும் இடத்தில் இருக்குமா என்ற மூன்றையும் கேட்டுக் கட்ட வேண்டும். கப்பலில் இந்த நாட்டுக்கு வந்த தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது.

அந்தத் தலைமுறை பயணம் செய்தது தளத்தில். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்று பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரமும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்துபோனது. ரஜுலாவில் அறை எடுத்து வந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தளத்தில் பாய் விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் வங்கக் கடலைக் கடந்தார்கள். மேலே கித்தான் பந்தல் இருக்கும். ஆனால் கடல் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கவாட்டில் வரும். வடகிழக்குப் பருவக்காற்று நாகப்பட்டினக் கரையை உலுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஏறியவர்களுக்குக் காற்றும் தூறலும் துணையாகவே வந்தன. எங்கள் வட்டாரத் தோட்டங்களில் முதியவர்கள் நினைவுகூர்ந்த பயணச் சாமான்களில் கம்பளி ஒன்று தவறாமல் இருக்கும். படுக்க, போர்த்த, மழைக்குத் தலையில் போட, கைக்குழந்தையைச் சுற்ற, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கம்பளிதான். வேட்டியின்மேல் இன்னொரு வேட்டி, சட்டையின்மேல் துண்டு, எல்லாவற்றுக்கும் மேல் கம்பளி என்பது வறுமை கற்றுக்கொடுத்த ஏற்பாடு. இன்றைய மலையேற்றக் கடைகள் பெரிய விலை வைத்து விற்கும் மூன்றடுக்கு உடையும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான்.

கம்பளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் குரும்பர்கள் செம்மறி ஆட்டு மயிரில் நெய்த முரட்டுக் கம்பளியை முக்கோணமாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்டுக்காரர்கள் கொட்டும் மழையில் நின்றார்கள். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்களுக்கும் அதுவே மழைக் காப்பு. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொடுகைக்கு ஈரமாகத் தெரியாது. நனைந்த பின்னும் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தி அப்படியில்லை. நனைந்ததும் இழைகள் தளர்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும், காற்று இருந்த இடமெல்லாம் நீர் நிரம்பும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்திச் செல்கிறது. நம் ஊர் வீட்டு வாசலில் இது ஒரு நன்மை. வியர்த்த பனியன் காயும்போது உடம்பு குளிர்வதால்தான் பருத்தி நமக்கு உகந்த துணியானது. அதே குணம் கடற்காற்றில் பகையாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நனைந்த சட்டையும் கால்சட்டையும் அரை லிட்டர் நீரைப் பிடித்திருந்தால் அது காய 290 கிலோகலோரி. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவது 70 முதல் 100 வரைதான். உலர்த்தும் வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்று கொடுத்தாலும் மிச்சத்தை உடம்புதான் கொடுக்கிறது. 26 பாகை வெப்பத்திலும் பல் கிட்டிக்க முடியும் என்பதற்கு விளக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையிருக்கவில்லை. பால்மரம் வெட்டுவது விடியலுக்கு முன் தொடங்கும் வேலை. மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வடிகாலை விட்டு வழிந்துவிடும், மங்கில் விழுந்ததும் நீரோடு கலந்து கெடும். அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பெரும்பாலும் கூலியும் இல்லை. ஆகவே மழை வருமா வராதா என்று தெரியாத இருட்டில் புறப்பட்டு, பாதி மரம் வெட்டி முடிக்கையில் நனைவது அவர்களுக்கு வழக்கமாயிருந்தது. கோணிச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பின்னாளில் உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறை வந்தது. இங்கே மனத்தை உறுத்தும் ஒரு செய்தி உண்டு. நவீன மழைக்கோட்டே ரப்பரில் பிறந்தது. ஸ்காட்லாந்தின் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் 1823இல் ரப்பரை நாப்தாவில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிக் காப்புரிமை பெற்றார். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்ட பிறகுதான் அந்தக் கோட்டு வெயிலில் இளகாமல், குளிரில் விறைக்காமல் நின்றது. 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து பெருகிய மரங்களை வெட்டப் பின்னாளில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். உலகத்துக்கு மழைக்கோட்டும் மழைக்காலணியும் ஆன பாலை வடித்துக் கொடுத்தவர்களின் தலையில் இருந்தது சாக்கு. மழையில் நனைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனப்பாங்கு நம்மிடையே இன்னும் இருப்பதற்கு இந்த வரலாறும் காரணம் என்று நினைக்கிறேன். நனைந்தால் காயும், அவ்வளவுதானே என்ற பேச்சு வேறு வழியில்லாதவர்களின் பேச்சு. வழி வந்த பிறகும் அதை வைத்திருக்கத் தேவையில்லை.

இப்போதைய உல்லாசக் கப்பலுக்கு வருவோம். பினாங்கிலிருந்தோ போர்ட் கிள்ளானிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புறப்படும் கப்பல் பெரும்பாலும் மலாக்கா நீரிணையில்தான் ஓடுகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இந்த நீரிணைக்கென்றே ஒரு வானிலை உண்டு. சுமாத்திராப் புயற்காற்று என்று வானிலையாளர்கள் அழைக்கும் இடிமேக வரிசை சுமாத்திராப் பக்கம் இரவில் திரண்டு, நீரிணையைக் கடந்து, விடியலுக்கு முன்னும் காலையிலும் தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று வீசும், ஒன்றிரண்டு மணி நேரம் மழை கொட்டும், வெப்பம் சட்டென்று 23, 24 பாகைக்கு இறங்கும். சூரிய உதயம் பார்க்க மேல்தளத்துக்கு ஏறும் நேரமும் இதுதான். இதோடு கப்பலின் சொந்த வேகத்தையும் சேருங்கள். 20 நாட் வேகத்தில் ஓடும் கப்பலில், காற்றே இல்லாத நாளிலும், தளத்தில் நிற்பவர் முகத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று அடிக்கும். எதிர்க்காற்று 15 நாட் இருந்தால் அது 65ஐத் தொடும். அந்தக் காற்றில் நனைந்த மேனியோடு கதவைத் திறந்து உள்ளே போனால் 22 பாகை அளவில் ஏர்கோன் ஓடும் கூடம். அறையில் குளிரைக் கூட்டிக் குறைக்கலாம். நாடக அரங்கிலும் உணவுக்கூடத்திலும் அது நம் கையில் இல்லை. வெப்பமண்டலக் கப்பல் பயணத்தில் ஒருவர் ஒரே நாளில் 33 பாகை வெயிலையும் 22 பாகைக் கூடத்தையும் மாறிமாறிப் பலமுறை கடக்கிறார். அடுக்கு உடை வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. லங்காவியில் இறங்கி மச்சின்சாங் மலையின் கேபிள் காரில் 700 மீட்டர் உயரத்துக்குப் போனால் இன்னும் நான்கைந்து பாகை குறையும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரைப் பாகை என்பது பொதுக் கணக்கு.

குடை போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். போதாது. அதற்கு நம் பெர்ரியே சாட்சி. 1894இல் முறையான சேவையாகத் தொடங்கிய பினாங்குப் பெர்ரியின் பழைய இரட்டைத்தளப் படகுகள் பக்கங்கள் திறந்தவை. கால்வாய் நடுவே மழைக்காற்று பிடித்தால் குடை வைத்திருந்தவரும் வைத்திராதவரும் ஒன்றாக நனைந்த காட்சி, பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நாள்தோறும் போய்வந்த தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். உல்லாசக் கப்பலில் குடை வெறுமனே பயனற்றது என்பதோடு நிற்கவில்லை, ஆபத்தும் கூட. இறங்குபாலத்திலும் ஈரமான படிகளிலும் கைப்பிடியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். புக்கெட்டின் பாத்தோங் கடற்கரைபோல் கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்குப் போகும் இடங்களில், ஆடும் படகுக்குள் கால் வைக்கும் நொடியில் ஒரு கையில் விரித்த குடை இருந்தால் அது பாய்மரமாகிவிடும். கையை விடுவிப்பதும் மழைக்கோட்டின் வேலைதான்.

மழைக்கோட்டு எங்களிடம் இருக்கிறதே என்பார்கள் சிலர். மலேசியாவில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ கூடையிலோ தடித்த பிளாஸ்டிக் மழைச்சட்டை இல்லாத வீடு குறைவு. பாசார் மாலாமில் மெல்லிய உறைபோன்ற கோட்டும் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டும் ஓரளவுக்கு உதவும். முதலாவது காற்றே புகாதது. பத்து நிமிடம் நடந்தால் வெளியே மழையும் உள்ளே வியர்வையுமாக இருபுறமும் நனைக்கும். இரண்டாவது கப்பல் தளத்தின் முதல் பலத்த காற்றிலேயே கிழியும். அதற்காக ஆயிரம் ரிங்கிட் கொடுத்து மூச்சுவிடும் சவ்வு உள்ள கோட்டை வாங்கச் சொல்லவில்லை. 1969இல் பாப் கோர் கண்டறிந்த நீட்டிய டெஃப்லான் சவ்வு, அதன் வழியில் வந்த மற்றவை எல்லாம், உள்ளிருக்கும் நீராவி வெளியே ஈரம் குறைந்த காற்றை நோக்கித் தள்ளப்படுவதால் வேலை செய்கின்றன. நம் கடலில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அந்தத் தள்ளுவிசை குறைவு. ஆகவே வெப்பமண்டலப் பயணத்துக்கு உயர்விலைச் சவ்வைவிட, தொளதொளவென்று, அக்குளில் ஜிப் வைத்துத் திறக்கக்கூடிய, தொடை வரை நீளும் எளிய கோட்டு மேல். பார்க்க வேண்டியது தையலைத்தான். தையலின் உட்புறம் நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோளிலும் தலைமூடியிலும் ஊசித்துளை வழியே நீர் இறங்கும். தலைமூடிக்கு முன்விளிம்பும் இறுக்கும் கயிறும் இருக்க வேண்டும். இல்லாத மூடி கடற்காற்றில் தலையில் நிற்காது. புறப்படும் முன் வீட்டுக் குளியலறையில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நீருக்கடியில் நிற்பது நல்ல சோதனை.

குளிர்ப் பிரதேசக் கப்பல்களுக்குப் போகிறவர்கள் இந்த விஷயத்தில் கவனமாக இருப்பதாக நினைக்கிறார்கள். அவர்களும் பாதிதான் சரி. குளிரை எண்ணி ஒரு கனத்த கோட்டு வாங்குகிறார்கள், மழையை எண்ணுவதில்லை. பினாங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. அலாஸ்காக் கப்பல்கள் நிற்கும் கெட்சிக்கனில் 3,500க்கு மேல். நார்வேயின் பெர்கனில் 2,000க்கு மேல், அதுவும் சிறு தூறலாக ஆண்டில் பாதி நாளுக்கு மேல் பரவி. நியூசிலாந்தின் மில்ஃபர்ட் சவுண்டில் 6,000ஐத் தாண்டும். நாம் மழை நாட்டிலிருந்து இன்னும் பெரிய மழை நாட்டுக்குப் போகிறோம், ஆனால் அங்கே மழை 10 பாகையில் பெய்கிறது. 10 பாகையில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது 6 பாகை போல் இருக்கும். அலாஸ்காவின் கிளேசியர் பேயில் பனிப்பாறை உடைவதைப் பார்க்க மணிக்கணக்கில் தளத்தில் நிற்பவர்கள் நிற்பது இந்தக் காற்றில்தான். பஞ்சோ இறகோ அடைத்த கனத்த கோட்டு நனைந்தால் அமுங்கிச் சூட்டை இழக்கும், கப்பல் அறையில் இரண்டு நாளானாலும் காயாது. மாறாக, தோலோடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் சட்டை, அதன்மேல் மழைக்கோட்டு. முதல் அடுக்கு வியர்வையைத் தோலை விட்டு எடுக்கிறது, நடு அடுக்கு காற்றைப் பிடித்து வைக்கிறது, வெளி அடுக்கு நீரையும் காற்றையும் தடுக்கிறது. பாலியெஸ்டர் இழை ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால் ஃப்ளீஸை முறுக்கிப் பிழிந்து தொங்கவிட்டால் மறுநாள் காலையில் போட்டுக்கொள்ளலாம்.

எடையைச் சொல்லி மறுப்பவர்களுக்கு இந்த அடுக்கே பதில். பினாங்கிலிருந்து புறப்படும் மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி என்பது உண்மை. மெல்லிய உள்ளாடை, ஃப்ளீஸ், மழைக்கோட்டு மூன்றும் சேர்ந்து சுமார் ஒரு கிலோ வரும். அவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் ஏர்கோன் கூடத்துக்கும் மழைக்கும் பனிப்பாறைக்கும் போடலாம். ஒரு கனத்த கோட்டு ஏறக்குறைய அதே எடை, ஒரே ஒரு நிலைமைக்குத்தான் உதவும். பெட்டியில் இடம் போதவில்லையென்றால் வெளியே எடுக்க வேண்டியது ஜீன்ஸ். நனைந்தால் பாறைபோல் கனத்து, இரண்டு நாள் காயாமல் கிடக்கும் துணி அது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்பவர்கள் துறைமுகக் கடையின் விலையையும், மழை பிடித்த பிறகே கடை நினைவு வரும் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

நம் உடை வழக்கத்தோடு இது பொருந்துமா என்ற கேள்வியை மட்டும் நான் சுலபமாகத் தள்ள மாட்டேன். வாழ்நாள் முழுதும் சேலை கட்டிய அறுபது வயதுப் பெண்ணிடம் கால்சட்டையும் ஃப்ளீஸும் போடச் சொல்வது உடையை மட்டும் மாற்றச் சொல்வதாகாது. ஆனால் ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலை நனைந்தால் எத்தனை லிட்டர் நீர் சுமக்கும் என்பதும், ஈரக் கொசுவம் இறங்குபாலத்தில் காலைத் தடுக்கும் என்பதும் அந்தப் பெண்ணுக்கே தெரியும். சேலைக்குள்ளே மெல்லிய கம்பளிக் காலுறை உடையும் முழுக்கை உள்ளாடையும் யார் கண்ணுக்கும் தெரியாமல் போடலாம். கரைக்கு இறங்கும் நாளில் பருத்திக்குப் பதில் எளிதில் காயும் ஜார்ஜெட், அல்லது முழங்கால் அளவு சுரிதார். மாலை விருந்துக்குப் பட்டு. மரியாதை கெடாமல் உடம்பைக் காக்க வழி இருக்கிறது. பேசி முடிவு செய்ய வீட்டில் யாராவது நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவே.

முதியவர்களுக்காகவே இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். வயது ஏற ஏற உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்குவதும், தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூட்டைக் காப்பதும் மந்தமாகின்றன. குளிர்வதை உணர்வதே தாமதமாகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரிடையே அது இன்னும் அதிகம். நீரிழிவால் உணர்வு குன்றிய பாதம் ஈரக் காலணிக்குள் கொப்பளித்தாலும் வலி தெரியாது. பெற்றோரைக் கப்பலுக்கு அழைத்துப் போகும் பிள்ளைகள் உணவுப் பட்டியலையும் அறையின் சன்னலையும் விசாரிக்கும் அக்கறையில் ஒரு பங்கை இரண்டு ஜோடி கம்பளிக் காலுறைக்கும் வழுக்காத அடிப்பகுதியுள்ள காலணிக்கும் கொடுக்கட்டும். இன்னொன்று: துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகலாம், சில கப்பல்களில் இரவாகலாம். கப்பல் கிளம்பும் காட்சியைப் பார்க்க எல்லோரும் தளத்தில் நிற்கும் நேரமும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. ஆகவே அப்பா, அம்மா இருவரின் மழைக்கோட்டையும் ஒரு ஸ்வெட்டரையும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள்; மருந்தோடும் கடப்பிதழோடும் கைப்பையில் வையுங்கள்.